மார்கழியில் கல்யாணம் கிடையாது

“...மேல்தளம் போட்டாச்சுல்லா அண்ணாச்சி, இனிமே பூச்சு வேலைதான். அதுக்குத்தான் நல்ல மணல் கிடைக்க மாட்டேங்கு. எம்சாண்ட்ல பூசினா சுவரு வெடிச்சுப் போகுமாம். வெடிச்ச சுவத்துக்குள்ள பிள்ளைய உக்கார வச்சு எப்படிப் படிக்க வைக்க, நீங்களே சொல்லுங்க?”

சாம்பார் அண்டாவைச் சுரண்டிக்கொண்டே இப்படிப் பேசுவாள். அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவதால் குரல் கோயில் மணிக்குள்ளிருந்து வருவதுபோல கணகணவென்று இருக்கும். நான் கல்யாணச் சமையல்காரன். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ரெண்டு ஊர் மண்டபங்களிலும் என் அடுப்பு எரியாத முகூர்த்தம் குறைவு. அவள் என் குழுவில் பாத்திரம் தேய்க்க வந்தவள். பேரை எழுத மாட்டேன். அவளுக்கு ஒரு மகள், அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை இன்று எங்கே இருந்தாலும் யாரும் அடையாளம் கண்டு கேட்கக் கூடாது.

எங்கள் எல்லாருக்கும் அவள் ‘வீடு கட்டுற அக்கா’. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் வீடு கொஞ்சம் வளர்ந்திருக்கும். வைகாசியில் அஸ்திவாரம். ஆனியில் ஜன்னல் மட்டம். ஆடி கழிந்து ஆவணியில் வந்தால் தளம் போட்டாச்சு. காய் நறுக்க வருகிற அக்கா ஒருத்தி உண்டு, வாய் சும்மா இருக்காது. “ஏட்டி, தாஜ்மகாலா கட்டுத? இன்னுமா முடியல?” என்பாள்.

“தாஜ்மகாலு கட்டுனவனுக்கு ஆள் பலம் இருந்துச்சுக்கா. எனக்கு நானே கொத்தனாரு, நானே சித்தாளு.”

“புருஷன் என்ன செய்தான்?”

“அவரு மேஸ்திரி. தூரத்துல நின்னு பார்த்துக்கிடுவாரு. ரொம்பத் தூரம். கேரளா.”

எல்லாரும் சிரிப்போம். அவளும் சிரிப்பாள். அந்த ஆள் கேரளாவில் இன்னொரு குடும்பத்தோடு இருக்கிறான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அவள் பேச்சில் எனக்கு ஒரு கிறுக்கு. பள்ளிக்கூடத்தை நான் அதிகம் பார்க்கவில்லை. அதனாலோ என்னவோ, மனுஷர் வாயிலிருந்து விழுகிறதைப் பொறுக்கி வைத்துக்கொள்கிற பழக்கம். அவளிடம் ஏராளம் விழும். ஒருநாள் பந்தியில் ஒரு பெரியவர், “நீ மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா தாயி?” என்று கேட்டிருக்கிறார். “மாப்பிள்ளை வீட்டுக்காரவுகளுக்கு நான் பொண்ணு வீடு. பொண்ணு வீட்டுக்காரவுகளுக்கு மாப்பிள்ளை வீடு. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல எங்க வீடு” என்றாளாம். பெரியவர் அதை என்னிடம் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் நல்ல பேச்சு என்று சிரித்தேன்.

அது பேச்சு இல்லை. முகவரி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் லைன் வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் மொத்த வரிசையையும் விற்றுவிட்டார், வாங்கியவர் இடித்துவிட்டார். அதற்கு முன்னால் அவள் சத்திரப்பட்டி பக்கம் பேண்டேஜ் துணித் தறியில் வேலை பார்த்தவள், பஞ்சுத் தூசி நெஞ்சைப் பிடித்து அதையும் விட்டிருந்தாள். வேறு வீடு தேடினால் முதலில் அட்வான்ஸ் கேட்பார்கள், அடுத்து புருஷன் எங்கே என்று கேட்பார்கள். “மொதக் கேள்விக்கு எங்கயாச்சும் கடன் வாங்கிப் பதில் சொல்லிரலாம் அண்ணாச்சி. ரெண்டாவதுக்கு எவன் கடன் குடுப்பான்?”

அப்போதுதான் மண்டபங்களைக் கண்டுபிடித்திருக்கிறாள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே சமையல் ஆட்கள் உள்ளே போய்விடுவோம். மறுநாள் மத்தியானம் வரை மண்டபம் திறந்திருக்கும். மின்விசிறி உண்டு, குளியலறை உண்டு, மூன்று வேளைச் சாப்பாடு உண்டு. மகள் பள்ளிக்கூடம் விட்டு நேராக மண்டபத்துக்கு வந்துவிடும். ராஜபாளையத்தில் கல்யாணம் என்றால் டவுன் பஸ் ஏறி வரும், பொம்பளைப் பிள்ளைக்கு டிக்கெட் கிடையாதே. கல்யாண வீட்டுச் சொந்தக்காரப் பிள்ளைகளோடு ஜமக்காளத்தில் ஒரு ஓரமாகப் படுத்துக்கொள்ளும். காலையில் குளித்து, யூனிஃபார்ம் போட்டு, யாராவது கிள்ளிக் கொடுத்த மல்லிகையை வைத்துக்கொண்டு, தூக்குவாளியில் இட்லி கேசரியோடு பஸ் ஏறிவிடும். வகுப்பில் பிள்ளைகள், “ஏட்டி, உங்க வீட்டுல தினமுமா கல்யாணம்?” என்று கேலி செய்யுமாம். கல்யாணம் இல்லாத நாளில் அதே பிள்ளைகள் தங்கள் சாப்பாட்டில் பங்கு கொடுக்க வந்தால், ‘விரதம்’ என்று சொல்லிவிடுமாம். தாய் மாதிரியே மகள்.

நாம் காலண்டரில் லீவு நாள் பார்ப்போம். அவள் முகூர்த்த நாள் பார்ப்பாள். வளர்பிறையா தேய்பிறையா என்று என்னைவிட அவளுக்குத்தான் சுத்தமாகத் தெரியும். “ஐயருக்குப் பொறவு நல்ல நாள் பார்க்கிறது நாந்தான்” என்பாள்.

சரி, ஆடி மாதம் எப்படி ஓட்டினாள் என்று கேட்பீர்கள். ஆடியில்தான் கல்யாணமே கிடையாதே. அதற்குத்தான் அந்த வீடு.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திருவண்ணாமலை, அதாவது எங்கள் மலைப் பெருமாள் கோயில், போகிற பாதையில் வெளிநாட்டில் இருக்கிற ஒருத்தர் வீடு கட்டிக்கொண்டிருந்தார். சிமெண்டு இறுகுவதற்குக் காலையும் மாலையும் சுவரை, தளத்தை நனைக்க வேண்டும். அந்த நனைக்கிற வேலை அவளுக்குக் கிடைத்தது. வீட்டுக்கு இன்னும் கதவு இல்லை. கதவு இல்லாத வீட்டில் தண்ணீர் ஊற்ற வருகிறவள் எத்தனை மணிக்குப் போகிறாள் என்று யார் பார்க்கப்போகிறார்கள்? எங்களிடம் அவள் சொன்ன அஸ்திவாரம், ஜன்னல் மட்டம், தளம் எல்லாம் அந்த வீட்டுக் கணக்குதான். அவள் அளந்தது ஒன்றும் கற்பனை இல்லை. வீடு அவளுடையது இல்லை, அவ்வளவுதான்.

பொய் எதற்கு என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். “தெருவுல கிடக்க பிள்ளைகளை ஆபீசருக வந்து காப்பகத்துக்குக் கூட்டிட்டுப் போயிருவாகன்னு பஸ் ஸ்டாண்டுல ஒருத்தி சொன்னா. தாய் ஒரு பக்கம் பிள்ளை ஒரு பக்கமாம். வீட்டு அட்ரஸ் இல்லைன்னா பள்ளிக்கூடத்துலயும் பேரை எடுத்துருவாகன்னா. வீடு கட்டிக்கிட்டு இருக்கேன்னு சொன்னா யாரு எடுப்பா? கட்டுற வீட்டை யாரும் தெருவுன்னு சொல்ல மாட்டாகல்லா?”

ஐப்பசி மழையில் அந்தப் பொய்க்கு முதல் சோதனை வந்தது. பிள்ளை வகுப்பில் தூங்கித் தூங்கி விழுகிறது என்று வகுப்பு டீச்சர் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டார். இவள் அசரவில்லை. டீச்சரை நேராக அந்த வீட்டுக்குக் கூட்டிப்போனாள். “இது அடுப்படி. இது சாமி ரூம். இந்தச் சின்ன ரூம்தான் டீச்சர், பிள்ளைக்கு. இந்த ஜன்னலோரம் மேசை போடணும்.” பூசின சுவரில் பிள்ளை பென்சிலால் கணக்குச் சூத்திரங்களை எழுதி வைத்திருந்தது. டீச்சர் அதைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார். தாயும் மகளும் எவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு வீடு எழுப்புகிறார்கள் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் போய்ச் சொல்லியிருக்கிறார். இவளும் எங்களிடம் வந்து, “டீச்சரு மூக்கு மேல விரல வச்சுட்டாக” என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளை என்ன பாடு படுத்தப்போகிறது என்று அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

கார்த்திகை முடிவதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று வீட்டுக்காரர் அவசரப்பட்டார். மார்கழி பிறந்துவிட்டால் நல்ல காரியம் செய்ய மாட்டோமே. அந்தக் கிரகப்பிரவேசத்துக்குச் சமையல் நான்தான். நான் அந்த வீட்டுக்கு அன்றுதான் முதல் தடவை போகிறேன். இவளும் பாத்திரம் தேய்க்க வந்திருந்தாள், முகம் சுண்டைவற்றலாகச் சுருங்கிப்போய்.

“அண்ணாச்சி, அந்தப் பின்பக்கக் குழாயைத் தொறக்காதீக, வாசர் போயிருச்சு. இங்கன அடுப்பு வைக்காதீக, இந்தத் தரை ஓடு உள்ள பொள்ளை, சூட்டுல வெடிச்சிரும்.”

“ஏத்தா, உனக்கு எப்படி இம்புட்டும் தெரியும்?” என்றேன்.

அண்டாவைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். செத்த நேரம் கழித்து அந்தச் சின்ன அறையை எட்டிப் பார்த்தேன். அவள் மகள் அங்கே நின்றுகொண்டிருந்தது. சுவருக்கு இளம்பச்சைப் பெயிண்டு அடித்திருந்தார்கள். பிள்ளை அந்தச் சுவரில் ஓர் இடத்தைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், “வெளிச்சம் நல்லா இருக்குல்ல மாமா” என்றது. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. வெளியே வீட்டுக்காரம்மா புதுக் கதவைப் பூட்டிப் பூட்டித் திறந்து, சாவி சரியாகத் திரும்புகிறதா என்று சொந்தக்காரர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் இவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். எல்லாவற்றையும் அன்றுதான் சொன்னாள். சொல்லிவிட்டு, “ஊர்ல எல்லாரும் வீடு எப்ப முடியும் எப்ப முடியும்னு கேட்டாக. முடிஞ்சுருச்சு அண்ணாச்சி” என்றாள்.

எங்கள் வீட்டுக்கு வரச்சொன்னேன். வந்தார்கள். எங்கள் வீடு ஒற்றை அறை. பிரசவத்துக்கு வந்த என் மகள் கைக்குழந்தையோடு படுத்திருந்தாள். இவள் வந்ததும் வராததுமாகக் கிடந்த பாத்திரத்தையெல்லாம் கழுவிக் கவிழ்த்தாள். தொட்டிலைப் பார்த்தாள். “பச்சை உடம்புக்காரி படுத்திருக்கா. நாங்க காலை நீட்டுனா தொட்டிலை இடிக்கும்” என்று எழுந்துவிட்டாள். என் வீட்டுக்காரி கையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை.

மார்கழி பிறந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மார்கழி என்றால் கேட்கவே வேண்டாம். விடியுமுன்னே ஒலிபெருக்கி, தெருவெல்லாம் கோலம், ஆண்டாளைப் பார்க்க வெளியூர்க் கூட்டம். ஊரே நிரம்பி வழிகிற மாதம். அவளுக்கு மட்டும் அந்த ஊரில் ஒரு கூரை இல்லாத மாதம். ஒரு மண்டபத்திலும் விளக்கு இல்லை. கோயிலைச் சுற்றி வெளியூர்க்காரர்களோடு படுத்தார்கள். பிறகு ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில். அங்கிருந்து விரட்டினால் மறுபடி இங்கே. பனியில் பிள்ளையின் புத்தகமெல்லாம் அப்பளமாக நமத்துப்போனது. இருமல் பிடித்தது. அரையாண்டுப் பரீட்சை வேறு நடந்துகொண்டிருந்தது.

அப்போது பஸ் ஸ்டாண்டில் மில்லுக்கு ஆள் சேர்க்கிற ஒரு பொம்பளை இவர்களைப் பார்த்திருக்கிறாள். எந்த மில் என்று எனக்குத் தெரியாது, வெளியூர் என்று மட்டும் சொன்னார்கள். “பொம்பளைப் பிள்ளைகளுக்குத் தனி ஹாஸ்டல். கட்டில், ஃபேன், மூணு வேளைச் சாப்பாடு. வயசெல்லாம் நாங்க பார்த்துக்கிடுதோம்” என்றாளாம். தாய் அவளை விரட்டிவிட்டாள். ஆனால் பிள்ளை போய் அவளிடம் பேசிவிட்டு வந்துவிட்டது. பரீட்சை முடிகிற அன்றைக்குச் சாயங்காலம் வேன் வரும்.

இவள் என்னிடம் ஓடி வந்தாள். அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் பார்த்ததில்லை. “எம்மகள் என்ன சொல்லுதா தெரியுமா அண்ணாச்சி? ‘எம்மா, பள்ளிக்கூடத்துல பாடம் இருக்கு, படுக்க இடமில்லை. மில்லுல படுக்க இடம் இருக்கு. எனக்குத் தூக்கம் வருதும்மா’ங்கா. கோவத்துல சொல்லியிருந்தா ஒரு அறை விட்டிருப்பேன். சிரிச்சுக்கிட்டே சொல்லுதா. நான் என்ன செய்வேன்?”

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே அரசு மாணவியர் விடுதி இருந்தது. அதில் ஓர் இடம் காலியாக இருப்பதாக அந்த வாரம்தான் பிள்ளையின் சிநேகிதி சொல்லியிருந்தது. தலைமை ஆசிரியை ஒரு வார்த்தை சொன்னால் கிடைக்கும். “வா, போய்க் கேட்போம்” என்றேன். அவளுடைய ரெண்டு மூட்டைகளையும் என் மொபெட்டில் முன்னால் வைத்துக் கட்டினேன். வேறு எங்கே வைப்பது? கடைசிப் பரீட்சை நாள். பிள்ளை உள்ளே எழுதிக்கொண்டிருந்தது. மொபெட்டை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனோம்.

தலைமை ஆசிரியை நல்ல மனுஷி. உட்காரச் சொன்னார். இவள் உட்காரவில்லை. விடுதியில் இடம் வேண்டும் என்றதும் அவர் சிரித்துவிட்டார்.

“உங்களுக்கு எதுக்கும்மா விடுதி? உங்க வீட்டைப் பத்தி எங்க டீச்சர் அவ்வளவு பெருமையாச் சொன்னாங்களே. ஜன்னலோரம் மேசை எல்லாம் போட்டாச்சா?”

“அது எங்க வீடு இல்ல டீச்சர்.”

“என்னது?”

“எங்களுக்கு வீடே கிடையாது. அது நான் தண்ணி ஊத்துன வீடு. அட்ரஸ் இல்லைன்னா பிள்ளை பேரை எடுத்துருவாகன்னு பொய் சொல்லிட்டேன்.”

அவர் முகம் மாறியது. கோபம் என்று சொல்ல முடியாது. ஏமாற்றுகிறார்களோ என்று ஒரு சுருக்கம். “இங்க பாருங்கம்மா. ஒரே ஒரு கட்டில் காலியா இருக்கு. பிளவக்கல் பக்கம், கூமாப்பட்டியில இருந்தெல்லாம் அப்பா அம்மா இல்லாத பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்கு. உள்ளூர்ல வீடு இருக்கிறவங்க இல்லைன்னு சொல்லி வாங்கிட்டா, அந்தப் பிள்ளைங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல? எங்க டீச்சர் கண்ணால பார்த்துட்டு வந்த வீடும்மா அது.”

நான் குறுக்கே விழுந்து சொன்னேன். நான் கல்யாணச் சமையல்காரன், இவர்கள் மண்டபத்தில்தான் இருந்தார்கள், நானே பார்த்தேன் என்றேன்.

“கல்யாண வேலைக்குப் போறவங்க மண்டபத்துல படுக்கிறது எங்கயும் நடக்கிறதுதானே மாஸ்டர்? அதை வச்சு வீடு இல்லைன்னு எப்படிச் சொல்ல முடியும்?”

அவர் கேட்டதிலும் தப்பில்லை.

அவர் மறுபடி இவளைப் பார்த்தார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “நிஜமாவே வீடு இல்லைன்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா. நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் விடுதியில விட்டிருப்பேனே. அட்ரஸ் இல்லைங்கிறதுக்காக ஒரு பிள்ளையோட பேரை எடுக்க எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் உரிமை கிடையாது. வீடு இல்லாத பிள்ளையைத்தான் நாங்க முதல்ல பார்க்கணும். இதை உங்களுக்கு யாருமே சொல்லலையா?”

“யாரு சொல்லுவா டீச்சர்?” என்றாள் இவள். “வீடு இருக்குன்னு சொல்றவகிட்ட, வீடு இல்லாதவளுக்கு என்ன கிடைக்கும்னு யாரு வந்து சொல்லுவா?”

பரீட்சை முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று ஒரு ஆயா மணியடிக்கிற இடத்தில் போய் நின்றுகொண்டிருந்தார். முடிந்ததும் பிள்ளை வெளியே வரும். சாயங்காலம் வேன் வரும்.

“சரி. வீடு இல்லைன்னா எங்கதான் இருக்கீங்க? அந்த இடத்தைக் காட்டுங்க. நானே வந்து பார்க்கிறேன்” என்றார் தலைமை ஆசிரியை.

“இருக்கதக் காட்டலாம் டீச்சர், இல்லாதத எப்படி...” என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டாள். அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விறுவிறுவென்று வெளியே போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். மொபெட்டிலிருந்து ரெண்டு மூட்டைகளையும் அவிழ்த்துத் தோளில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். தலைமை ஆசிரியை அறைக்கு நேர் எதிரே வராந்தாவில் இறக்கினாள். ஒரு பழைய சேலையை நாலாக மடித்து விரித்தாள். அதன் தலைமாட்டில் முருகன் படம். ஓரத்தில் தகர அடுப்பு, ஒரு சட்டி, ரெண்டு தட்டு, பிள்ளையின் இன்னொரு யூனிஃபார்ம், நமத்துப்போன புத்தகங்கள். ஒவ்வொன்றையும் எடுத்து அதனதன் இடத்தில் வைத்தாள். கை தேடவே இல்லை. தினமும் வைக்கிற கை.

தலைமை ஆசிரியை வாசற்படியில் வந்து நின்றார். அப்போதுதான் மணி அடித்தது. வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் திமுதிமுவென்று வராந்தாவுக்கு வந்தார்கள். முன்னால் வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

“ஏத்தா, பிள்ளைக எல்லாம் வருது. உம்மகளும் வந்துருவா. எடுத்து வை, போதும்” என்று நான் பதறினேன்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. புத்தகங்களைச் சுவரோரம் தள்ளி, மகள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டாள். சேலையைக் கணுக்கால் வரை இழுத்து மூடினாள். பிறகு அந்த நட்டநடுப் பகலில், அம்புட்டுப் பேர் கண் முன்னால், ஒருக்களித்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.